எட்டுக் கோப்பைச் சீட்டு

ஜூன் 3

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் திங்கட்கிழமை வீட்டை விட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. உன்னிடம் வந்திருந்தால் வந்ததாக ஒரு வரி எழுதிப் போடு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

போனில் கூப்பிட்டிருப்பேன். உன் தொழிற்சாலை ஆபீசுக்குப் போன் போட்டு, அவர்கள் உன்னைக் கூட்டிவந்து, நான் இந்தப் பக்கம் கத்த, நீ அந்தப் பக்கம் "என்ன, என்ன" என்று கேட்க, என் வீட்டு விஷயத்தை ஊருக்கெல்லாம் தண்டோரா போட எனக்கு விருப்பமில்லை. கண்ணாடி பாட்டில் செய்யும் மிஷின்கள் இரைந்தே உன் காதைத் தின்றுவிட்டதற்கு நான் என்ன செய்ய முடியும். அதுவும் போக, கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "எங்க அண்ணன் உங்க வீட்ல வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கான்" என்றாய். அதற்குப் பிறகு நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. இப்போதும் சமாதானத்துக்காக எழுதவில்லை.

நடந்தது இதுதான். காலையில் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் பல் செட் செய்யும் என் லேபுக்குப் போய்விட்டேன். அவர் வழக்கம்போல எனக்குப் பிறகு லிப்ட் கம்பெனிக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜை பளிச்சென்று துடைத்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு சீட்டு. ஆடுகிற சீட்டு இல்லை. டாரட் என்கிறார்களே, குறி சொல்லும் சீட்டு, அது. மேலே ரோமன் எழுத்தில் எட்டு போட்டிருக்கிறது. கீழ் வரிசையில் ஐந்து கோப்பை, அதன்மேல் மூன்று கோப்பை. சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவன் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கோலுடன் மலைப்பக்கம் நடந்துபோகிறான். பக்கத்தில் ஒரு ஆறு. வானத்தில் ஒரு நிலா, கண்ணை மூடிக்கொண்டு.

ஷேவிங் செட், புது ஷூ, சாம்பல் நிறப் பை, இவற்றைக் காணோம். வேலைக் கருவிகள் இருக்கும் பை மட்டும் கதவோரம் அப்படியே இருக்கிறது.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை அவருக்கு. படம் பார்த்துக் கதை சொல் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


ஜூன் 7

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் நேற்று மதிய இடைவேளையில் கைக்கு வந்தது. படித்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அண்ணன் இங்கே வரவில்லை. நான் அவனை ஒளித்து வைத்திருப்பேன் என்று நீங்கள் நினைப்பது கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிகிறது. இந்தத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எனக்குக் கொடுத்திருப்பது ஒரே அறை. அதில் ஒரு பூனையைக்கூட ஒளிக்க முடியாது.

நான் அன்றைக்குச் சொன்னதை நீங்கள் ஒரு வார்த்தை பிசகாமல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் நல்லதாகவே ஒன்று சொல்லியிருப்பேன். போகட்டும்.

எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறாள். அவளுக்கு இந்த டாரட் எல்லாம் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் யார் கேட்டாலும் ஒரு சீட்டு எடுத்துச் சொல்லுவாள். பெயர் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படி என்று கேட்டேன். "கோப்பைன்னா மனசு. எட்டுக் கோப்பைன்னா மனசு நிறையலன்னு தேடிப் போறது" என்றாள். மேல் வரிசையில் மூன்று கோப்பைக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்குமாம். பாருங்கள், இருக்கிறதா? அந்த இடத்தில் வைக்க வேண்டிய கோப்பையைத் தேடித்தான் அவன் போகிறான். கிடைத்தால் கொண்டுவந்து வைப்பான். இருப்பதை உடைத்துவிட்டா போனான்? அடுக்கி வைத்துவிட்டுத்தானே போயிருக்கிறான்.

கருவிப் பையை விட்டுப் போயிருக்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். திரும்பி வருகிறவன்தான் கருவியை விட்டுப் போவான்.

ஒன்று கேட்கச் சொன்னாள் அந்த அக்கா. சீட்டு நேராக இருந்ததா, தலைகீழாக இருந்ததா? நேர் என்றால் போவது, தலைகீழ் என்றால் திரும்புவதாம். உடனே எழுதுங்கள். பாப்பாவிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

உங்கள் நாத்தனார்


ஜூன் 11

நாத்தனாருக்கு,

நேரா தலைகீழா என்று கேட்கிறாய். சீட்டு மேஜைமேல் படுத்துக் கிடந்தது, அம்மா. அவர் உட்காரும் நாற்காலியில் இருந்து பார்த்தால் நேர். என் நாற்காலியில் இருந்து பார்த்தால் தலைகீழ். பாப்பா உட்காரும் பக்கத்தில் இருந்து பார்த்தால் அந்த மனிதன் சுவரில் பல்லிபோலப் பக்கவாட்டில் ஏறுகிறான். இதற்கு உன் பேக்கிங் அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது.

கருவிப் பையை வைத்து நீ கட்டிய கோட்டையும் இடிந்துவிட்டது. முந்தாநாள் லிப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "கம்பெனி பை ஒண்ணு இருக்கும்மா, அத வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "வேலைய விட்டுட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். வீட்டை விட்டுப் போவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே விட்டுவிட்டாராம். அந்த இரண்டு வாரமும் என் கண் முன்னால் சீருடை போட்டு, ரொட்டி கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகியிருக்கிறார். எங்கே போனார், எந்தப் பூங்காவில் உட்கார்ந்து அந்த ரொட்டியைச் சாப்பிட்டார், எனக்குத் தெரியாது. ஆனால் வேலையை விட்டது எனக்குத் தெரியும் என்று அந்த மேற்பார்வையாளரிடம் சொன்னேன். பையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆகவே உன் விளக்கத்தைத் தள்ளிவை. என் விளக்கம் இது. அந்த மனிதனுக்கு முகமே வரையவில்லை. முகம் காட்டாமல் போகிறவன் எதைத் தேடினால் எனக்கென்ன? கோப்பையை அடுக்கி வைத்தானாம். உன் அண்ணனும் அன்றைக்குப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அதுவரை ஒரு டம்ளரைக் கழுவியதில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கள் அலமாரியில் எத்தனை கோப்பை என்று எண்ணிக்கூடப் பார்த்தேன். ஆறுதான் இருக்கிறது. என் நிலைமையைப் பார், கோப்பை எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

லேபில் நேற்று ஒரு பெரியவரின் மேல் பல் வரிசையைத் தப்பாக அடுக்கிவிட்டேன். மெழுகில் அடுக்கும் நிலையோடு போயிற்று, பிளாஸ்டிக் ஊற்றுவதற்குள் பார்த்துவிட்டேன். லேபை நடத்தும் டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாப்பாவிடம் வெளியூர் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. ஆனால் நம்புவதுபோல என்னிடம் நடந்துகொள்கிறாள்.

உன் அண்ணன் மனைவி


ஜூன் 15

அண்ணிக்கு,

வேலையை விட்டது எனக்கும் தெரியாது. என்மேல் சத்தியமாகத் தெரியாது.

கோபப்படாமல் படியுங்கள். நான் போன வருஷம் உங்கள் வீட்டில் இருந்த நாட்களில் பார்த்ததைச் சொல்கிறேன். "எந்தச் சட்டை வேணும்? நீலமா? நீலமே போட்டுக்கோங்க." இது நீங்கள். "ஞாயித்துக்கெழமை எங்கயாவது போலாமா? வேணாம், உங்களுக்குத் தலைவலி வந்துடும்." இதுவும் நீங்கள். கேள்வியும் நீங்களே கேட்பீர்கள், பதிலும் நீங்களே சொல்வீர்கள். நடுவில் அவன் தலையை ஆட்டுவான். எனக்குக் காது கேட்காது, அதனால் நான் ஆட்களின் வாயைப் பார்ப்பேன். உங்கள் வீட்டில் அவன் வாய் அசைந்ததை நான் பார்க்கவே இல்லை. அதைத்தான் வாடகைக்கு இருக்கிறான் என்று சொன்னேன். இப்போதும் அதை வாபஸ் வாங்கமாட்டேன்.

ஆனால் இதைச் சண்டைக்காக எழுதவில்லை. பேச வராதவன் ஒரு படத்தை வைத்துவிட்டுப் போனான் என்றால், அதுதான் அவன் பேச்சு. அதைக் கேலி செய்யாமல் நாம் படித்தாக வேண்டும். நீங்கள் அந்த ஆளின் முதுகையே பார்க்கிறீர்கள். கையில் இருக்கும் கோலைப் பாருங்கள். களைத்துப் போனவனுக்குத்தான் ஊன்றுகோல் வேண்டும். அவன் உங்களை உதறிவிட்டுப் போகவில்லை, தள்ளாடிக்கொண்டு போகிறான்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டேன். அந்தச் சீட்டில் ஒரு ஆறு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஆள் ஆற்றின் எந்தப் பக்கம் இருக்கிறான்? கரையோரமாகப் போகிறானா, தண்ணீரை நோக்கிப் போகிறானா? ராத்திரியெல்லாம் எனக்கு இதே நினைப்புத்தான். பேக்கிங் அக்காவிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. போலீசில் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் நாளைக்கே போங்கள். உங்கள் மானம் என்ன ஆகும் என்று பார்க்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 21

வாலுக்கு,

அவர் உன்னைக் கூப்பிடும் பெயரிலேயே எழுதுகிறேன். "நாத்தனாருக்கு" என்று ஆரம்பித்தால் கை தானாகச் சண்டைக்குப் போகிறது.

ஆறு அந்த மனிதனுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அவன் கரையில், மேட்டில் ஏறிப் போகிறான். முதலில் அதை நிம்மதியாகத் தெரிந்துகொள். நீ எழுதியதைப் படித்த பிறகு நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பல் பார்க்கும் கண்ணாடிதான்.

போலீசுக்கும் போனேன். அங்கே இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சண்டையா, குடியா, வேறு பொம்பளையா, மூன்றுக்கும் இல்லை என்றேன். அப்புறம் என்னென்ன எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, "ஷேவிங் செட் எடுத்துட்டுப் போனவன் சாகறதுக்குப் போகலம்மா. வீட்டுக்குப் போங்க" என்றார். இத்தனை நாளில் எனக்கு யாரும் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே உன் அண்ணன்மேல் கோபமும் வந்தது. சாகவும் போகவில்லை என்றால் இந்த மனிதர் எதற்குத்தான் போனார்.

கடைத்தெருவில் செருப்புக் கடை மாடியில் ஒரு அம்மாள் டாரட் பார்க்கிறார். லேபில் இருந்து வரும் வழியில் அங்கேயும் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு மேஜை, தையல் மிஷின்மேல் ஒரு பூச்சாடி, அவ்வளவுதான். சீட்டை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"இது எந்தக் கேள்விக்கு விழுந்த சீட்டு?" என்று கேட்டார்.

"கேள்வியெல்லாம் இல்லைங்க. மேஜைமேல கிடந்துச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?"

"கேள்வி இல்லாம கிடக்கற சீட்டுக்கு அர்த்தம் கிடையாது. அட்டைதான்."

"வெச்சுட்டுப் போனவர் மனசுல ஏதோ இருந்திருக்கும் இல்லையா?"

"அவர் மனசுல என்னன்னு அவரைத்தான் கேக்கணும். உங்க கேள்வி என்ன, அதச் சொல்லுங்க. வேற சீட்டு எடுத்துப் பாக்கறேன்."

என் கேள்வி என்ன என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கே இருக்கிறார் என்பதா, எப்போது வருவார் என்பதா, வந்தால் எனக்கு வேண்டுமா என்பதா? கேள்வியும் பதிலும் நானே சொல்லுவேன் என்று எழுதினாயே, உன் வாய் முகூர்த்தம், அங்கே எனக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாப்பாவுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். சீட்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "கோல் வெச்சிருக்கார் இல்லம்மா, கால் வலிக்குது. வலிச்சா எங்கயாவது உக்காந்துட்டு வந்துடுவார்" என்றாள். நீயும் அவளும் ஒரே ரத்தம்தான்.

இப்போது சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். மூன்று கோப்பைக்கு நடுவே இருக்கும் அந்த இடைவெளியைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பார்க்கிறேன். நீ சொல்வதும் சரியோ என்று சில நேரம் தோன்றுகிறது.

உன் அண்ணன் மனைவி


ஜூன் 24

அண்ணி,

வந்துவிட்டான். வேலை முடிந்து வந்தால் வாசல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் மெலிந்திருக்கிறான். சாப்பிட்டான், தூங்குகிறான். அவன் தூங்கும்போதே இதை எழுதித் தபாலில் போட ஓடுகிறேன்.

திரும்புவான் என்று நான் சொன்னேனா இல்லையா? கோப்பை வைத்த இடம் மறக்கிறவன் இல்லை என் அண்ணன். பேக்கிங் அக்காவுக்கு நாளைக்கு ஒரு டீ வாங்கித் தரப் போகிறேன். எழுந்ததும் எல்லாவற்றையும் கேட்டு விவரமாக எழுதுகிறேன்.

வாலு


ஜூன் 27

வாலுக்கு,

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு லேபின் பின்பக்கம் போய் இரண்டு தடவை படித்தேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு அது அவ்வளவு சுலபமாக வராது, தெரியுமே. நன்றி.

நீ எழுதியதை எல்லாம் திரும்ப எடுத்துப் படித்தேன். நீல நிறச் சட்டை விஷயத்தையும் சேர்த்துத்தான். அவருக்கு நீலமே பிடிக்காது என்று இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல். அந்தச் சீட்டை வைத்ததற்கு என்ன பொருள்? நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாதே, நீயாகக் கேட்பதுபோலக் கேள். நான் முதுகைப் பார்த்தேன், நீ இடைவெளியைப் பார்த்தாய். அவர் எதைப் பார்த்து அதை எடுத்து வைத்தார் என்று தெரிந்தால், எனக்கு மேலே என்ன செய்வது என்று தெரிந்துவிடும். தேடிப் போனதுதான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், சனிக்கிழமை பஸ்ஸில் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். டாக்டரம்மாவிடம் லீவும் சொல்லி வைத்துவிட்டேன். பாப்பா அவருக்கு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

சீக்கிரம் எழுது.

அண்ணன் மனைவி


ஜூலை 2

வாலு,

சனிக்கிழமையும் போயிற்று. ஏன் பதில் இல்லை? லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நல்லதோ கெட்டதோ எழுது. இன்னொரு தடவை என்னைப் படம் பார்த்துக் கதை சொல்ல வைக்காதே.


ஜூலை 5

அண்ணி,

எழுதாமல் இருந்ததற்குத் திட்டுங்கள். மூன்று தாளைக் கிழித்தேன். நல்லதாக எழுத ஏதாவது கிடைக்கும் என்று நாள் கடத்தினேன். கிடைக்கவில்லை.

அண்ணன் என் கட்டிலில் படுத்துப் பழைய பேப்பர் படிக்கிறான். நான் தரையில் படுக்கிறேன். என் மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டான். பக்கத்து அறைக் கதவுக்குக் கொண்டி மாட்டினான். எல்லோரும் எவ்வளவு நல்ல மனிதர் என்கிறார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டால் "சும்மா, அங்கங்க" என்கிறான். வந்த நாளில் இருந்து பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாகச் சொன்னால் "ம்" என்கிறான். உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறான். மூன்றே நாளில் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அண்ணி, நீங்கள் எப்படி இத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று நினைத்தேன். கேள்வி கேட்டு, அவன் வாயைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பதிலையும் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "பசிக்குதா? பசிக்கும், உக்காரு." இது நான்.

சீட்டைப் பற்றி முந்தாநாள் கேட்டேன். அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன், அதனால் தப்பாகப் புரிந்திருக்காது.

"மேஜைமேல அந்தச் சீட்ட ஏன் வெச்சே?"

"எந்தச் சீட்டு?"

எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே உதடு, அதே இரண்டு வார்த்தை. எட்டுக் கோப்பை, சிவப்புப் போர்வை, நிலா, எல்லாம் சொன்னேன். ரொம்ப யோசித்தான். அப்புறம் சிரித்தான், அண்ணி.

"அதுவா. லிப்ட் பள்ளத்துல கிடந்துச்சு. கதவு இடுக்கு வழியா எதாவது விழுந்துட்டே இருக்கும், சாவி, கம்மல், சீட்டு. படம் நல்லா இருந்துச்சு, பாப்பாவுக்குக் குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். கிளம்பறப்ப பாக்கெட்ட காலி பண்ணேன். அங்கயே இருந்துடுச்சு போல."

அவ்வளவுதான். நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததும், நான் ஆற்றை நினைத்துத் தூங்காமல் கிடந்ததும் இதற்குத்தான்.

"அப்ப எங்களுக்குன்னு நீ எதுவுமே வெச்சுட்டுப் போகலயா?" என்று கேட்டேன்.

"என்ன வெக்கறது?" என்றான்.

என் கையில் இருந்த டம்ளரைத் தரையில் போட்டு உடைத்தேன். எனக்கே அந்தச் சத்தம் கேட்டது என்றால் பாருங்கள். "ஏன்டா போனே?" என்றேன். அவனை நான் டா போட்டதே இல்லை. தெரியல என்றான். நிஜமாகவே தெரியாதவன் முகம்தான் அது, பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பேக்கிங் அக்காவிடம் சொன்னேன். "அப்படின்னா அது உங்க ரெண்டு பேருக்கும் விழுந்த சீட்டு" என்று ஏதோ சமாளிக்கப் பார்த்தாள். இன்னொரு வார்த்தை பேசினால் சீட்டுக்கட்டை உலையில் போடுவேன் என்றேன்.

நாளைக் காலைப் பஸ்ஸில் அவனை ஏற்றிவிடப் போகிறேன். இங்கேயே இருக்கிறேன் என்றான். முடியாது என்றேன். "வீட்டுக்குத் திரும்பறதுக்குப் போகச் சொல்லல. இருக்கப் போறியா, போகப் போறியான்னு அண்ணி முன்னாடி நின்னு வாயால சொல்லிட்டுப் போ. அதுக்கப்புறம் எங்க வேணா போ" என்றேன். வருவான் என்று நினைக்கிறேன். வழியில் இறங்கிக்கொண்டால் அதற்கும் நான் பொறுப்பில்லை.

அவனுக்காக நான் உங்களோடு போட்ட சண்டையை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கவலை இருக்கிறது. அவன் போகிறேன் என்று சொல்லிவிட்டால் நான் உங்களை என்னவென்று கூப்பிடுவது?

வாலு


ஜூலை 18

வாலுக்கு,

வந்தார். வழியில் இறங்கவில்லை.

பாப்பாதான் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டடி தள்ளி நின்று அவருடைய ஷூவைப் பார்த்தாள். "கால் வலிச்சுதாப்பா?" என்று கேட்டாள். அவருக்கு என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை. இல்லை என்றார். அவள் முகம் எப்படிப் போயிற்று என்று உனக்கு எழுத முடியவில்லை.

அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேஜைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். வழியெல்லாம் அவர் என்ன யோசித்திருப்பார், எதைச் சொல்ல வருகிறார் என்று எனக்கு ஏழெட்டுப் பதில் தயாராக இருந்தது. நீல நிறச் சட்டையை நினைத்துக்கொண்டு வாயைக் கட்டினேன். "சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் காத்திருந்தேன். வெளியே பால் வண்டி வந்து போயிற்று. மேல் வீட்டில் யாரோ குளித்து முடித்தார்கள். அப்படி ஒரு ஆளின் எதிரே பேசாமல் உட்கார்ந்திருப்பது, வாலு, பல் பிடுங்குவதைவிட வலி.

"காலைல கண்ணு முழிச்சா அன்னிக்கு முழுக்க என்ன நடக்கும்னு தெரிஞ்சுடுது. லிப்ட் மாதிரி. மேல போகும், கீழ வரும்" என்றார்.

"எனக்கும் அப்படித்தான். நான் எங்கயும் போகலயே" என்றேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"நீ போகமாட்டே. உன்னால முடியும்."

எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் சொன்னார். "நான் தனியா இருக்கணும். உன்மேல கோபம் இல்ல. பாப்பாமேல ஆசை இல்லாமலும் இல்ல. ஆனா தனியா இருக்கணும்."

எனக்குத் தெரிந்து அவர் தானாகத் தொடங்கித் தானாக முடித்த வாக்கியம் அதுதான். நெஞ்சு உடைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இவ்வளவு நாளும் அந்தரத்தில் நின்ற கோபத்துக்குக் கால் ஊன்ற ஒரு இடம் கிடைத்தது. நன்றாகத் திட்டினேன். இரண்டு வாரம் சீருடை போட்டு ஏமாற்றியதற்கு, போலீஸ் படியில் என்னை உட்கார வைத்ததற்கு, உன்னைத் தரையில் படுக்க வைத்ததற்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இதை ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றேன். "சொல்லத் தெரியல" என்றார். சொல்லத் தெரியாததற்கு ஒரு மாதம் ஆயிற்று, அதற்குள் நாங்கள் இருவரும் அவருக்காக ஒரு புராணமே எழுதிவிட்டோம். அந்த அட்டைக்கு நீ சொன்ன பொருளும் பொய், நான் சொன்னதும் பொய். ஆனால் ஒன்று எழுதுகிறேன், நீ சிரிக்கக் கூடாது. நீ சொன்ன பொருள் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாள் அதில் குடியிருந்தேன்.

பாப்பாவிடம் அவரே சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார், முழங்காலிட்டு உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி. அவள் கேட்டுவிட்டு, "அப்ப அங்க எனக்கு ஒரு டூத் பிரஷ் வேணும். இங்க இருக்கறத எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றாள். அந்த இடத்தில்தான் அவர் அழுதார்.

பழைய கம்பெனியிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பின்தெருவில் ஒரு அறை எடுத்திருக்கிறார். ஞாயிறுதோறும் பாப்பாவைக் கூட்டிப்போவது என்று பேச்சு. பேசினபடி நேற்று முன்தினம் வந்தார். இந்த வீட்டுச் சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. திறந்துகொண்டு வரவில்லை. பெல் அடித்துவிட்டு வெளியே நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் பெல் அடித்து நான் கேட்டதே இல்லை. யாரோ என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன், கதவுக்கு இந்தப் பக்கம்தான் விஷயம் உறைத்தது. கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு திறந்தேன். "ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடறேன்" என்றார். அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை. சொன்னபடி ஆறு மணிக்குக் கொண்டுவந்தும் விட்டார்.

என்னவென்று கூப்பிடுவது என்று கேட்கிறாய். அவர் தனி அறைக்குப் போனால் உனக்கு வாய் மாறிவிடுமா என்ன. உளறாதே.

ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் முழுக்க இனி நான் மட்டும்தான் வீட்டில். போன ஞாயிறு சுவரைப் பார்த்துக்கொண்டு அவரைத் திட்டினேன். தனியாகத் திட்டினால் ருசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்து வா.

அண்ணி